ஆவணி முகூர்த்தமும் ஒற்றை ஒர்க்கரும்: பூ மார்க்கெட் கடை ஒன்றின் சர்வர் தேர்வு

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பொழுது விடிவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்து, விரிவதற்கு முன் கைமாற்றியாக வேண்டும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இந்த அவசரத்தில் விலக்கு இல்லை. அங்குள்ள ஒரு கமிஷன் கடைக்கு நானும் என் கூட்டாளியும் எடைச்சீட்டு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். கடந்த ஆவணியின் முதல் பெரிய முகூர்த்த நாளில் அது 1 மணி 10 நிமிடம் படுத்துக்கொண்டது. ஏன் படுத்தது, எதையெல்லாம் தவறாகச் சந்தேகித்தோம், பிறகு பைத்தான் மொழியில் எழுதிய அந்தச் செயலியை எந்த அமைப்பில் ஓட்டுவது என்று எப்படி முடிவு செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். குறுஞ்செய்தி நிறுவனத்தின் பெயரை நானே தவிர்த்திருக்கிறேன். பிழையில் பெரும்பங்கு எங்களுடையது.

கடையில் நடப்பது

உசிலம்பட்டி, திருமங்கலம், அலங்காநல்லூர் பக்கங்களிலிருந்து விவசாயிகள் பூவைக் கொண்டுவருகிறார்கள். மூன்று தராசு; ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு டேப்லெட், ஒரு சிறு பிரிண்டர். எடைபோடுகிறவர் விவசாயியின் எண், பூவின் வகை, எடை மூன்றையும் பதிந்து பொத்தானை அழுத்துவார். வரிசை எண்ணோடு சீட்டு அச்சாகும். அதே விவரம் விவசாயியின் போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். விலை முடிவான பிறகு, கமிஷனையும் முன்பணத்தையும் கழித்துக்கொண்டு கணக்குப்பிள்ளை பட்டுவாடா செய்வார். இது தவிர அன்றைய விலையைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. முகூர்த்த நாட்களில் ஊரிலிருக்கும் போன்களெல்லாம் அதைத் திறந்து திறந்து பார்க்கும்.

செயலி ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்தில் எழுதியது, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். இரண்டு கோர், 2 ஜி.பி. மெமரி கொண்ட வாடகை சர்வர் ஒன்றில் இரண்டும் ஒன்றாகவே ஓடின. நாள் முழுக்கச் சும்மா கிடக்கும் இயந்திரம், அதிகாலை நான்கிலிருந்து ஒன்பது வரை மட்டும் உயிரோடு இருந்தால் போதும்.

எட்டு மாதம் ஓடிய ரன்சர்வர்

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஜாங்கோவோடு வரும் ரன்சர்வர், எழுதும்போது சோதித்துப் பார்ப்பதற்கான சர்வர். நேரடிப் பயன்பாட்டுக்கு இதை வைக்காதே என்று அதன் ஆவணமே கண்டிப்பாகச் சொல்கிறது. நாங்கள் எட்டு மாதம் வைத்திருந்தோம். நன்றாக ஓடியதுதான் கெடுதலாகப் போயிற்று. சீட்டின் வரிசை எண்ணை நான் ஒரு பைத்தான் மாறியில், அதாவது ஓடும் செயலியின் நினைவில், வைத்திருந்தேன். செயலி துவங்கும்போது அன்றைய கடைசி எண்ணைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அதன்பின் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒன்று கூட்டும். கோரிக்கைகளை எல்லாம் ஒரே பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் ஒரு பிரதி) கவனித்ததால் இது பிசகவே இல்லை.

ஆனி மாதக் கடைசியில், முறையாகச் செய்வோம் என்று, பைத்தான் செயலிகளை ஓட்டும் சர்வரான ஜியூனிகார்னுக்கு மாறினோம், முன்னால் கோரிக்கைகளை வாங்கி அதற்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ். கோரிக்கைகளைக் கவனிக்கும் ஒர்க்கர்களின் எண்ணிக்கைக்கு ஜியூனிகார்ன் ஆவணம் ஒரு தொடக்கக் கணக்கு தருகிறது: கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு. இரண்டு கோருக்கு ஐந்து. போட்டோம்.

மறுநாள் காலை நாலரைக்குக் கணக்குப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, பதினேழாம் நம்பர் சீட்டு மூன்று பேர் கையில் இருக்கிறது." ஐந்து ஒர்க்கரும் ஐந்து தனிப் பிராசஸ்கள், ஒவ்வொன்றும் தன் மாறியில் தன் எண்ணை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தது. கடையில் விவசாயிகள் சண்டைக்கு நின்றார்கள். படுக்கையிலிருந்தபடியே சர்வருக்குள் நுழைந்து, 5 என்று இருந்ததை 1 ஆக்கி, மறுதொடக்கம் செய்துவிட்டுத் தூங்கிப்போனேன். எண் குழப்பம் தீர்ந்தது. அந்த 1 அப்படியே நின்றுவிட்டது.

அடுத்து வந்தது ஆடி. ஆடியில் கல்யாணம் கிடையாது. வெள்ளிக்கிழமைக் கோயில் கூட்டத்தைத் தவிர, பூ மார்க்கெட் கொஞ்சம் மூச்சுவிடும் மாதம். புதிய அமைப்பு ஒரு மாதம் ஓடிவிட்டது, குறை ஒன்றும் இல்லை என்று கூட்டாளியிடம் பெருமையாகச் சொன்னேன். வைகை வறண்டிருக்கும்போது பாலத்தைச் சோதித்த கதைதான்.

அந்தக் காலை

4:40 மணிக்கு முதல் தராசில் சுழல்வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. 4:45க்குள் மூன்றிலும் அதே நிலை. சிலருக்கு 502 பிழை (பின்னாலிருக்கும் சர்வர் பாதியில் அறுந்தது), சிலருக்கு 504 (அது நேரத்துக்குள் பதில் தரவில்லை). என் முதல் ஊகம், சர்வருக்குப் பலம் போதவில்லை. முகூர்த்த நாள், கூட்டம், விலைப் பக்கத்தை ஆயிரம் போன்கள் தட்டுகின்றன என்று மனக்கண்ணில் ஒரு படம் ஓடியது. உள்ளே போய்ப் பார்த்தால் சிபியு மூன்று நான்கு சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. மெமரியில் பாதி காலி. அப்போதே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். இயந்திரம் உழைக்கவில்லை, எதற்கோ காத்திருக்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் வேறில்லை. ஆனால் போனில் மூன்று பேர் கத்திக்கொண்டிருக்கும்போது மனிதன் படிப்பதில்லை. போஸ்ட்கிரெஸை மறுதொடக்கம் செய்தேன். என்ஜின்எக்ஸை மறுதொடக்கம் செய்தேன். நாற்பது நிமிடம் இப்படிப் போயிற்று.

ஜியூனிகார்ன் பதிவேட்டைத் திறந்து பார்த்தவர் என் கூட்டாளி. ஒர்க்கர் காலாவதி என்ற வரி, கடிகாரம் வைத்தாற்போல் முப்பது வினாடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் வந்த அழைப்புத் தடம் ஒரே இடத்தில் முடிந்தது: குறுஞ்செய்தி நிறுவனத்தின் சர்வரிடமிருந்து பதிலைப் படிக்கக் காத்திருக்கும் வரி.

மற்றதெல்லாம் அங்கிருந்து தானாக அவிழ்ந்தது. அந்த நிறுவனத்தின் சேவை அன்று காலை தொங்கிப்போயிருந்தது. நாங்கள் எடையைச் சேமித்த கையோடு, அதே கோரிக்கைக்குள்ளேயே குறுஞ்செய்தியையும் அனுப்பிக்கொண்டிருந்தோம். அனுப்பப் பயன்படுத்திய ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் கால வரம்பை நாம் சொல்லாவிட்டால் வரம்பே கிடையாது. பதில் வரும்வரை நிற்கும். நாங்கள் சொல்லியிருக்கவில்லை. ஜியூனிகார்னின் இயல்பான சிங்க் ஒர்க்கர் ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைத்தான் கவனிக்கும். முப்பது வினாடி அசைவில்லாமல் இருந்தால் தலைமைப் பிராசஸ் அதைக் கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்பும். கொல்லப்பட்ட கோரிக்கைக்கு என்ஜின்எக்ஸ் 502 தந்தது. வரிசையில் காத்திருந்து அறுபது வினாடியைத் தாண்டியவற்றுக்கு 504. புதிதாக எழும் ஒர்க்கர் வரிசையில் அடுத்ததை எடுத்து, அதே குறுஞ்செய்திக் குழியில் மறுபடி விழும்.

இன்னொரு கேடும் சேர்ந்துகொண்டது. ஜாங்கோ இயல்பாக ஒவ்வொரு தரவுத்தள எழுத்தையும் உடனுக்குடன் உறுதிசெய்துவிடும். ஆகவே ஒர்க்கர் கொல்லப்படும் முன்பே எடை பதிவாகிவிட்டிருந்தது. டேப்லெட்டில் பிழை தெரிந்ததும் ஆள் மறுபடி அழுத்துவார். பக்கத்தைப் புதுப்பித்துவிட்டாலும், ஏற்கெனவே வரிசையில் நுழைந்த கோரிக்கை மறைந்துவிடுவதில்லை. ஜியூனிகார்ன் அதையும் எடுத்து எடையைப் பதியும். ஒரே கூடை இரண்டு முறை, சில கூடைகள் நான்கு முறை. பட்டுவாடாவுக்கு முன் கணக்குப்பிள்ளை கண்ணில் அது படாமல் போயிருந்தால் முதலாளி எங்களை மார்க்கெட் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

5:50க்கு அந்தக் குறுஞ்செய்தி வரியை முடக்கி மறுதொடக்கம் செய்தோம். அடுத்த வினாடியே சீட்டு வந்தது.

ஐந்து இருந்திருந்தால்?

அந்த 1தான் காரணம் என்று முடித்துக்கொள்ள எனக்கும் ஆசையாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். உச்ச நேரத்தில் தராசு ஒன்றுக்குப் பதினைந்து வினாடிக்கு ஒரு பதிவு. மூன்றுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 12. சாதாரண நாளில் ஒரு பதிவுக்குக் குறுஞ்செய்தியோடு சேர்த்து 0.8 வினாடி ஆனது. 12 பதிவுக்குச் சுமார் 10 வினாடி வேலை; ஒற்றை ஒர்க்கருக்கே ஒரு நிமிடத்தில் ஐம்பது வினாடி ஓய்வு. பதிவு ஒன்று முப்பது வினாடி பிடிக்கும்போது ஒரு ஒர்க்கர் நிமிடத்துக்கு இரண்டைத்தான் முடிக்கும். ஐந்து இருந்தால் 10. வருவது 12. எடைபோடுகிறவர் ஒருமுறை அழுத்திவிட்டுக் கைகட்டி நின்றால் மூன்று கோரிக்கைக்கு மேல் ஒரே நேரத்தில் சேராது, ஐந்து போதும்தான்; ஆனால் எதிரே விவசாயி பூக்கூடையோடு நிற்கும்போது யாரும் கைகட்டி நிற்பதில்லை. ஐந்து ஒர்க்கரோடும் விழுந்திருப்போம், கொஞ்சம் தாமதமாக.

இந்தக் கணக்குக்குப் பிறகுதான் எங்கள் கேள்வி மாறியது. எந்த சர்வர் வேகமானது என்பதை விட்டுவிட்டு, எங்கள் கோரிக்கை எதற்காக, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று கேட்கத் தொடங்கினோம்.

பரிசீலித்தவை

பைத்தான் உலகில் சர்வரை மாற்றுவது எளிது, சர்வரும் செயலியும் பேசிக்கொள்ள டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்ற பொது ஒப்பந்தம் இருப்பதால் வந்த எளிமை அது. 2003இல் எழுதப்பட்டது, 2010இல் பைத்தான் 3க்காகத் திருத்தப்பட்டது. செயலியைத் தொடாமல் கீழிருக்கும் சர்வரை மாற்றிக்கொள்ளலாம். அந்த வசதியே ஆளை வாரக்கணக்கில் அலையவும் விடுகிறது.

அப்பாச்சி வலைச் சர்வரோடு, பைத்தானை அதில் ஓட்டும் மாட் டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. சேர்ந்த அமைப்பைக் கிழவர் என்று ஒதுக்குவது இன்று வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிரஹாம் டம்பிள்டன் 2007இல் வெளியிட்ட அந்தத் தொகுதியை டீமன் முறையில் (செயலி தனிப் பிராசஸ்களில் ஓடும் முறை) வைத்தால், பிராசஸ் எத்தனை, த்ரெட் (ஒரு பிராசஸுக்குள் இணையாக ஓடும் வேலை இழை) எத்தனை என்று நாமே நிர்ணயிக்கலாம். எங்கள் தேவைக்கு அது தாராளம். எங்கள் இருவருக்கும் கைவந்தது என்ஜின்எக்ஸ் என்பதைத் தவிர, அதைத் தேர்ந்தெடுக்காததற்கு வேறு காரணம் இல்லை. அதிகாலை நாலரைக்குப் பிழை தேடும்போது கைப்பழக்கம் பெரிய விஷயம்.

யூடபிள்யூஎஸ்ஜிஐ என்ற இன்னொரு சர்வரைப் பற்றி அதிகம் பேசவில்லை. திறமையானது, ஆனால் அமைப்பு விருப்பங்கள் காடாக வளர்ந்து கிடக்கின்றன. அதன் ஆசிரியர்களே திட்டத்தைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றிவிட்டதாக அறிவித்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் அங்கே போக வேண்டியதில்லை.

அதிகம் வாதாடியது, ஏ.எஸ்.ஜி.ஐ. என்ற புதிய ஒப்பந்தப்படி ஓடும் யூவிகார்ன் சர்வரைப் பற்றித்தான். காத்திருப்புதானே பிரச்சினை, காத்திருப்பைச் சமாளிக்கத்தானே ஏ.எஸ்.ஜி.ஐ. வந்தது என்றார் கூட்டாளி. வாதம் சரி, இடம் சரியில்லை. அதிலுள்ள நிகழ்வு வளையம் (காத்திருக்கும் வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் சுழற்சி) ஒன்று ஆயிரம் காத்திருப்புகளைத் தாங்க வேண்டுமானால், காத்திருக்கும் ஒவ்வொரு வரியும் வளையத்துக்கு வழிவிடுமாறு எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கள் ரிக்வெஸ்ட்ஸ் அழைப்பை ஓர் அசிங்க் செயல்கூற்றுக்குள் அப்படியே வைத்தால், அந்த ஒரு அழைப்பு வளையம் முழுவதையும் நிறுத்திவிடும். அதாவது சிங்க் ஒர்க்கரைவிட மோசம். செயலியைத் திருப்பி எழுத அவகாசமும் இல்லை, ஆர்வமும் இல்லை.

முதலாளியின் யோசனை வேறு. கடையில் ஒரு விண்டோஸ் கணினி இருக்கிறது, அதிலேயே போட்டுவிடுங்கள், இன்டர்நெட் போனாலும் சீட்டு வரும் என்றார். சிரித்து ஒதுக்கும் யோசனை அல்ல இது. ஜியூனிகார்ன் விண்டோஸில் ஓடாது. வெயிட்ரஸ் என்ற பைத்தான் சர்வர் ஓடும், நன்றாகவே ஓடும். ஒரு வாரம் யோசித்தோம். கரண்ட் போனால் என்ன செய்வது, விலைப் பக்கத்தை வெளியே எப்படிக் காட்டுவது, அந்தக் கணினியில் கடைப் பையன் படம் பார்ப்பதை யார் தடுப்பது என்று கேள்விகள் நீண்டன. வேண்டாம் என்று முடிவானது. அந்த யோசனையின் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்: ஒவ்வொரு தராசின் கீழும் ஒரு காகிதச் சீட்டுப் புத்தகம்.

தேர்ந்தது

முன்னால் என்ஜின்எக்ஸ், நடுவில் இரண்டையும் ஒரே இயந்திரத்துக்குள் இணைக்கும் யுனிக்ஸ் சாக்கெட், பின்னால் ஜியூனிகார்ன். பெயர்களைப் பார்த்தால் படுத்துப்போன அமைப்பேதான். உள்ளே மாறியவை வேறு.

சிங்க் ஒர்க்கருக்குப் பதில் ஜி-த்ரெட் வகை. இரண்டு ஒர்க்கர், ஒவ்வொன்றிலும் நான்கு த்ரெட். ஒரே நேரத்தில் எட்டு கோரிக்கை. ஜி.ஐ.எல். பூட்டு இருக்கும்போது த்ரெட்டால் என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. அந்தப் பூட்டு பைத்தான் கட்டளைகளை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் ஓட்டும்படி செய்கிறது, உண்மை. ஆனால் தரவுத்தளத்துக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருக்கும் த்ரெட் பூட்டைக் கைவிட்டுவிடும். எங்கள் செயலி கணக்குப் போடுவது குறைவு, காத்திருப்பது அதிகம். எட்டு ஒர்க்கர் வைப்பதைவிட மெமரியும் மிச்சம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. சிங்க் ஒர்க்கரில் அந்த முப்பது வினாடி வரம்பு நடைமுறையில் கோரிக்கையின் நீளத்துக்கான வரம்பு. ஜி-த்ரெட்டில் அப்படி இல்லை. ஒர்க்கர் பிராசஸ் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கும். ஒரு த்ரெட் மணிக்கணக்கில் தொங்கினாலும் கொல்ல ஆள் வராது. த்ரெட்டுக்கு மாறுகிறவர் வெளி அழைப்பு ஒவ்வொன்றுக்கும் தாமே கால வரம்பு எழுதியாக வேண்டும். எழுதினோம்: இணைய மூன்று வினாடி, படிக்க ஐந்து வினாடி.

குறுஞ்செய்தி கோரிக்கையை விட்டே வெளியேறியது. எடையைச் சேமிக்கும் அதே தரவுத்தளப் பரிவர்த்தனையில் (எல்லாம் பதியும், அல்லது எதுவும் பதியாது), அனுப்ப வேண்டிய செய்தியும் ஓர் அட்டவணையில் ஒரு வரியாக விழும். தனிப் பிராசஸ் ஒன்று அந்த அட்டவணையைப் பார்த்து ஒவ்வொன்றாக அனுப்பும். தவறினால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலும். பின்னணி வேலைகளுக்கான செலரி, ரெடிஸ் என்று போகலாமா என்று பேசினோம். நாளுக்குச் சில நூறு செய்திக்கு இன்னும் இரண்டு சேவைகளைக் காவல் காக்க நாங்கள் தயாராக இல்லை.

வரிசை எண் மாறியிலிருந்து போஸ்ட்கிரெஸுக்குப் போனது. அதற்குள்ளிருக்கும், எண்களை அடுத்தடுத்துத் தரும் சீக்வென்ஸ் வசதியைப் பயன்படுத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப்பிள்ளை மறுத்தார். பரிவர்த்தனை ஒன்று பாதியில் ரத்தானால் சீக்வென்ஸ் எடுத்த எண்ணைத் திருப்பித் தராது; வரிசையில் ஓட்டை விழும். "நாற்பத்தொன்று இருக்கிறது, நாற்பத்துமூன்று இருக்கிறது, நடுவில் உள்ளதை யார் கிழித்தது என்று முதலாளி என்னைத்தானே கேட்பார்?" அவர் சொன்னது நியாயம். நாளுக்கு ஒரு வரி கொண்ட அட்டவணை வைத்து, அந்த வரியைப் பூட்டி, எண்ணை எடுத்து, எடையோடு ஒரே பரிவர்த்தனையில் சேமிக்கிறோம். ரத்தானால் எண்ணும் ரத்தாகும். பூட்டினால் வேகம் குறையும்தான். நிமிடத்துக்கு 12 பதிவு வரும் கடையில் அதை யாரும் உணரப்போவதில்லை.

இரட்டைப் பதிவுக்கு, பொத்தானை அழுத்தும் முன்பே டேப்லெட் ஒவ்வொரு எடைக்கும் ஓர் அடையாளத்தை உருவாக்கிவிடும். அதே அடையாளம் மறுபடி வந்தால் தரவுத்தளம் ஏற்காது; பழைய சீட்டையே திருப்பிக் காட்டும்.

என்ஜின்எக்ஸ் ஏன் முன்னால் இருக்க வேண்டும் என்று மற்றக் கடைக்காரர்களும் கேட்டார்கள். கிராமத்தில் சிக்னல் மெலிந்த போன் ஒன்று விலைப் பக்கத்தைச் சொட்டுச் சொட்டாக இழுக்கும்போது, அந்தக் காத்திருப்பை என்ஜின்எக்ஸ் தாங்கிக்கொள்ளும். ஜியூனிகார்ன் பதிலைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். படம், எழுத்துரு போன்ற நிலைக் கோப்புகளும் அங்கிருந்தே போகின்றன. கேடி என்ற வலைச் சர்வரை வைத்திருந்தால் மறையாக்கச் சான்றிதழ் வேலையை அதுவே பார்த்துக்கொண்டிருக்கும். எங்களிடம் லெட்ஸ் என்கிரிப்டின் தொண்ணூறு நாள் சான்றிதழைப் புதுப்பிக்கச் செர்ட்பாட் என்ற கருவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டோம்.

சிறு தொல்லைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதல் நாள் எல்லாப் படிவங்களும் 403 (அனுமதி மறுப்பு) காட்டின. வெளியே இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது; என்ஜின்எக்ஸைத் தாண்டி உள்ளே வருவது சாதாரணமானது. இதை ஜாங்கோவுக்குச் சொல்லாவிட்டால், படிவம் வேறெங்கிருந்தோ வந்ததாக அது சந்தேகிக்கும். வெளி இணைப்பின் வகையை முன்னனுப்பும் தலைப்பை என்ஜின்எக்ஸில் வைத்து, அதை நம்பும்படி ஜாங்கோ அமைப்பிலும் ஒரு வரி எழுதியதும் சரியானது.

ஒத்திகை

இந்த முறை ஆடிக்குக் காத்திருக்கவில்லை. மார்க்கெட் ஓய்ந்த ஒரு பிற்பகலில் மூன்று டேப்லெட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். குறுஞ்செய்தி நிறுவனத்துக்குப் பதிலாக, நாற்பது வினாடி தூங்கிவிட்டுப் பதில் சொல்லும் பொய்ச் சர்வர் ஒன்றை எழுதி இணைத்தோம். கடைப் பையன்கள் போட்டி போட்டுப் பொத்தானை அழுத்தினார்கள். சீட்டு தடையில்லாமல் வந்தது. செய்திகள் அட்டவணையில் சேர்ந்துகொண்டே போயின. ஒரு ஒர்க்கரை வேண்டுமென்றே கொன்றோம். மூன்றில் ஒரு டேப்லெட் பிழை காட்டி, மறுபடி அழுத்தியதும் அதே எண்ணோடு சீட்டைத் தந்தது. ஜியூனிகார்னையே கொன்றோம், சர்வரின் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி எழுப்பிவிட்டது. கணக்குப்பிள்ளை வரிசை எண்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஓட்டை இல்லை.

அதே ஆவணியில் அடுத்த முகூர்த்தத்தன்று குறுஞ்செய்திச் சேவை மறுபடி மந்தமானது. எங்களுக்கு அது தெரியவே ஏழு மணி ஆயிற்று. திருமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர், பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டேன், இப்போதுதான் செய்தி வருகிறது என்று கடைக்குப் போன் செய்திருந்தார். அட்டவணையில் தேங்கியிருந்தவை அதன்பிறகு ஒன்றரை மணி நேரத்தில் வடிந்தன. தேக்கம் ஐம்பதைத் தாண்டினால் எங்களுக்கு எச்சரிக்கை வரும்படி பிறகு சேர்த்தோம்.

தராசின் கீழ் வைத்த காகிதச் சீட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. போன வாரம் புரட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதப்பட்டிருந்தன. இரண்டு தடவையும் பிரிண்டரில் காகிதச் சுருள் தீர்ந்துபோயிருந்ததாம்.